காது குத்தினோம், கேட்கிறதா என்று பார்க்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தங்கை மகளுக்கு மூன்று வயதில் காது குத்தினோம். தாய்மாமன் என்பதால் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். பத்தர் ஊசியை எடுத்ததும் அலறாமல், கையில் வைத்திருந்த காப்பரிசியை அவர் வாயில் ஊட்டப் போனாள். பின்னாலிருந்து ஒரு பெரியம்மா, "பாவம், அதுக்கு ஒண்ணும் புரியலை" என்றார். குழந்தையை 'அது' என்பது நம் வழக்கம்தான், ஆனால் இவளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடுகிறது.

அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். 'டவுன்' என்றதும் மூளை கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள், அது 1866-ல் இதை விவரித்து எழுதிய இங்கிலாந்து டாக்டர் ஜான் லாங்டன் டவுனின் பெயர், அவ்வளவுதான். உடம்பின் செல்களில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் 21-வது எல்லோருக்கும் இரண்டு இருக்கும், இவளுக்கு மூன்று. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை, தற்செயலாக நேர்வது. தாய்க்கு வயது ஏற ஏற வாய்ப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் என் தங்கைக்கு அப்போது 26 வயது. கிரகணத்தன்று வெளியே போனாயா, பப்பாளி தின்றாயா என்று அவளை விசாரித்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

நான் எழுத வந்தது வேறு. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், பேச்சும் நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. பிடிவாதம் என்றோம், மந்தம் என்றோம், ஒரு டாக்டரே "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார், நாங்களும் சரி என்று வந்துவிட்டோம். ஒரு வருஷம் போச்சு. அப்புறம் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் கேட்டார், "கடைசியா எப்போ காது டெஸ்ட் பண்ணீங்க?" பிறந்தபோது பண்ணியதோடு சரி. இந்தக் குழந்தைகளுக்குக் காதுத் துவாரம் குறுகலாக இருக்கும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது சகஜம் என்று இ.என்.டி. டாக்டர் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். நீரை எடுத்துவிட்டுச் சின்னக் குழாய் ஒன்று வைத்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் கூடத்தில் நடந்தவள் திடீரென்று நின்றாள். குனிந்து காலைப் பார்த்தாள். ஒரு அடி வைத்தாள், மறுபடி நின்றாள். வருஷக்கணக்காகப் போட்டிருந்த கொலுசு அன்றைக்குத்தான் அவளுக்கு ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. என் தங்கை அடுப்பை அணைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் சொல்கிறேன், எதற்கெடுத்தாலும் 'இவர்கள் இப்படித்தான்' என்று மூட்டை கட்டி வைக்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது, அதனால் பிறந்த கையோடு எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். சோம்பேறி என்று திட்டுகிற பிள்ளைக்கு உண்மையில் தைராய்டு குறைவாக இருக்கலாம், வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கண்ணையும் காதையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். தசை தளர்வாக இருப்பதால் உட்காரவும் நடக்கவும் நாளாகும், கைக்குழந்தையிலேயே பயிற்சி ஆரம்பித்தால் நல்ல பலன் இருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாமல்லபுரம் போகிற வழியில் எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம், உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

பள்ளிக்கூடக் கதை தனி. ஒரு தனியார் பள்ளியில் "மற்ற பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்று விண்ணப்பமே தரவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாரபட்சமில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது, அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இப்போது மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள் என்று கண்டுபிடித்த டீச்சர், பழைய காலண்டர் அட்டையில் படம் ஒட்டிச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் எந்தச் சிறப்புப் பயிற்சியும் எடுத்தவரில்லை.

ஒவ்வொரு மார்ச் 21-ம் தேதியும் உலக டவுன் சிண்ட்ரோம் தினத்துக்குக் 'கடவுளின் குழந்தைகள்' என்ற மாதிரித் தலைப்பில் கட்டுரை வருகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை எந்த வயதில் என்ன டெஸ்ட், எங்கே போகலாம் என்று ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள். நாலு வரி போதும்.

ஒரு தாய்மாமன்,
பெரம்பூர், சென்னை.