தரவிறக்க இணைப்பை அழுத்தினால் ஏதாவது நடக்கட்டும்: ஆவண வாசிப்பான் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிரலாளர்களுக்கு,

திருகோணமலை உப்புவெளியில் ஒரு சிறிய வாசிகசாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் பழைய கணினிகள்தான், ஆனாலும் உங்கள் ஆவண வாசிப்பான் அவற்றில் இலேசாக ஓடுகிறது. பாடக் குறிப்புகளைத் தொகுப்பாக ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலே வாசிக்கலாம், தேடலாம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கமிருந்து வரும் உயர்தரப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. இலவசமாக இதைச் செய்து தருகிற உங்கள் மீது உண்மையான மரியாதை உண்டு. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

ஒரு பக்கத்தில் கடந்தகால வினாத்தாளின் பிடிஎஃப் இணைப்பு இருக்கிறது. பிள்ளை அழுத்துகிறது. ஒன்றும் நடப்பதில்லை, பிழைச் செய்திகூட வருவதில்லை. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு, கணினி பழுது என்று நினைத்து எழும்பிப் போகிறது.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கங்களைக் காட்ட நீங்கள் கியூட் வெப்எஞ்சின் என்ற ஆயத்த மென்பொருள் பகுதியைப் பயன்படுத்துகிறீர்கள். கோப்பு ஒன்று வரும்போது அது நிரலிடம் அனுமதி கேட்கும். யாரும் ஏற்காவிட்டால் தரவிறக்கம் இரத்தாகிவிடும். பாதுகாப்புக்காக அப்படி வைத்தது சரியான முடிவுதான். ஆனால் உங்கள் நிரலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எதுவும் எழுதப்படவில்லை. அதனால் அழுத்தியது அப்படியே காணாமல் போகிறது.

உலாவியில் திறந்து எடுக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பிடிஎஃப் தொகுப்புக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியே அதற்கு முகவரி கிடையாது, உங்கள் மென்பொருள் மட்டுமே அதை வெளியே எடுக்க முடியும். பிள்ளைக்கு வேண்டியது அதைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது. ஆகவே எங்கே சேமிப்பது என்று கேளுங்கள், சேமித்த பிறகு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் சிக்கல் இன்னும் கூட. 2024 உயர்தரப் பரீட்சை நவம்பர் இறுதியில், நல்ல மாரி நேரத்தில் தொடங்கியது. அந்த மாதங்களில் இங்கே கரண்டும் இணையமும் வந்து வந்து போகும். பிடிஎஃப் கோப்பில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். வால் கொஞ்சம் வராமல் போனாலும் கோப்பு திறக்காமல் போகலாம். ஆனால் வெளியே பார்த்தால் முழுக் கோப்பு மாதிரியே தெரியும். பிள்ளை அதை நம்பி பஸ் ஏறிவிடும். தயவுசெய்து, முடியும் வரை தற்காலிகப் பெயரில் வைத்து, முழுதாக வந்த பிறகே உண்மையான பெயரைக் கொடுங்கள். அறுந்த இடத்திலிருந்து தொடரவும் விடுங்கள். அதற்கான வசதி வெப்எஞ்சினிலேயே இருக்கிறது. கோப்பை அனுப்பும் சேவையகமும் ஒத்துழைத்தால் டேட்டாவுக்கு இரண்டாம் தரம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது கோப்புப் பெயர். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு (எழுத்தோ, அதோடு சேரும் உயிர்க்குறியோ) ஒவ்வொன்றும் 3 பைட். 'திருகோணமலை' என்ற பெயர் 10 குறியீடுகள், 30 பைட். அதையே முகவரியில் வருகிற சதவீதக் குறி வடிவில் (ஒவ்வொரு பைட்டும் %E0 போல மூன்று எழுத்தாகும்) அப்படியே சேமித்தால் 90 எழுத்தாகிவிடும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழமையான எல்லை 255 பைட். அந்த வடிவில் ஊர்ப் பெயரை மூன்று முறை எழுதினாலே அது தாண்டிவிடும்! பாடம், ஆண்டு, பகுதி என்று நீளமாகப் பெயர் வைத்த வினாத்தாள்கள் சேமிக்கவே முடியாமல் போகலாம். சேமித்தாலும் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. பெயரைத் திரும்பத் தமிழ் எழுத்தாக மாற்றிய பிறகே சேமியுங்கள். வெட்ட வேண்டி வந்தால் பைட் கணக்கில் நடுவே அறுக்காமல் முழு எழுத்தாக வெட்டுங்கள், '.pdf' போன்ற பின்னொட்டை விட்டுவிடாதீர்கள்.

பொதுக் கணினி என்பதால் பாதுகாப்பும் முக்கியம். இறக்கிய எதையும் தானாகத் திறக்க வேண்டாம். வருகிற பெயரில் அடைவை (கோப்புறையை) மாற்றும் புள்ளிகளும் சாய்கோடுகளும் இருந்தால் நீக்குங்கள். விண்டோஸ் வழமையாகப் பின்னொட்டை மறைத்துவிடும். பிடிஎஃப் என்று தெரிவது உண்மையில் திறந்ததும் நிரலாக ஓடும் இயங்கு கோப்பாக இருக்கலாம். முழுப் பெயரையும் காட்டிவிட்டே அனுமதி கேளுங்கள்.

இத்தனையும் ஒரே பதிப்பில் முடியாது என்பது விளங்குகிறது. அப்படியானால் முதலில் அந்த மௌனத்தை நீக்குங்கள். 'இந்தக் கோப்பைச் சேமிக்க முடியவில்லை' என்று ஒரு வரி வந்தாலே பிள்ளை என்னிடம் வந்து கேட்கும். செய்திகளைத் தமிழில் எழுதித்தர நான் தயார். சோதனைப் பதிப்பு வந்தால் எங்கள் கணினிகளில் போட்டுப் பார்த்து, எங்கே நின்றது, எங்கே அறுந்தது என்று பதிவோடு அனுப்புகிறேன். மாரி தொடங்குவதற்கு முன் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
வாசிகசாலைத் தொண்டர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை