கிராஞ்சி வர்ணனைகளை வெட்டாமல் வையுங்கள்

மதிப்பிற்குரிய தேசிய ஆவணக் காப்பகத்தாருக்கும் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம்.

2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயங்கள் ஓடி முடிந்தன. அன்று நூறாவது முறையாக நடந்த கிராண்ட் சிங்கப்பூர் கோல்டு கப்பை ஸ்மார்ட் ஸ்டார் என்ற குதிரை வென்றது. ஓட்டியவர் தென்னாப்பிரிக்க ஜாக்கி முஸி யேனி. 1843இல் ஃபேரர் பார்க்கில் தொடங்கிய கணக்கு அத்தோடு தீர்ந்தது. ஏறத்தாழ 120 ஹெக்டர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் வரப்போகின்றன. அதில் எனக்கு வழக்கில்லை. வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

நான் கேட்பது வேறு. அங்கே நடந்த பந்தயங்களின் நேர்முக வர்ணனைகளை, முழுதாக, ஒரு விநாடிகூட வெட்டாமல், யார் வேண்டுமானாலும் கேட்கும்படி பொது ஆவணமாக்கி வையுங்கள்.

கோப்பைகளுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்துவிடும். படங்கள் இருக்கும். எந்தக் குதிரை, எவ்வளவு நேரம், எத்தனை நீள வித்தியாசம் என்பதெல்லாம் அச்சிலேயே கிடக்கிறது. ஆனால் முடிவு தெரிவதற்கு முந்திய அந்த எழுபது விநாடி அச்சில் இல்லை. ராக்கெட் மேன் என்ற குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 27 பந்தயம், 20 வெற்றி. 2011 மார்ச்சில் துபாய்க்குப் போய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தை ஜெயித்தது. மே மாதம் கிராஞ்சியில் கிரிஸ்ஃபிளையர் ஸ்பிரிண்டையும் எடுத்தது. பட்டியலைப் பார்ப்பவருக்கு இது நல்ல குதிரை, அவ்வளவுதான். அதே கிரிஸ்ஃபிளையரில் 2009இல் ஹாங்காங்கின் சேக்ரட் கிங்டமிடம் தோற்றது, 2010இல் கிரீன் பர்டியிடம் தோற்றது. சொந்த மண்ணில் இரண்டு தடவை இரண்டாம் இடம். மூன்றாவது தடவை அது நேர்பாதையில் திரும்பும்போது மைதானத்தில் இருந்தவர்களின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்? அது வர்ணனையாளரின் தொண்டையில்தான் பதிவாகியிருக்கிறது. பட்டியலில் தேடினால் கிடைக்காது.

இந்தத் தொழிலின் கஷ்டம் வெளியே பலருக்குத் தெரியாது. கால்பந்து வர்ணனைக்குத் தொண்ணூறு நிமிடம் உண்டு. தவறினால் திருத்தலாம், கதை பேசலாம். 1200 மீட்டர் பந்தயம் சுமார் எழுபது விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் பன்னிரண்டு, பதினான்கு குதிரைகளை இடம் மாற மாறச் சொல்ல வேண்டும். குதிரையின் முகத்தைப் பார்த்து யாரும் அடையாளம் சொல்வதில்லை. தூரத்தில் பாதி பழுப்பு, மீதி கரும்பழுப்பு. ஜாக்கியின் சட்டை நிறம்தான் அடையாளம். அந்த நிறங்களைப் பந்தயத்துக்கு முந்திய அரைமணி நேரத்தில் ரேஸ் புக்கையும், பேடக்கில், அதாவது பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்தில், சுற்றும் குதிரைகளையும் பார்த்துப் பார்த்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி உருப்போட வேண்டும். பந்தயம் முடிந்ததும் அவ்வளவையும் மறந்துவிட வேண்டும். அடுத்த பந்தயத்தில் அதே நீலச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் வேறொரு பெயரோடு வரும். மறக்கத் தெரியாதவர் இந்தத் தொழிலில் நிற்க முடியாது.

கிராஞ்சிக்கென்றே ஒரு சோதனையும் இருந்தது. லிம்ஸ் ஸ்டேபிள் குதிரைகள் எல்லாமே ‘லிம்ஸ்’ என்றுதான் தொடங்கும். லிம்ஸ் லைட்னிங், லிம்ஸ் கோசியஸ்கோ என்று வரிசையாக வரும். ஒரே முதலாளி, ஒரே சட்டை. ஒரே பந்தயத்தில் இரண்டு ஓடினால் தொப்பி நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவு, விளக்கு வெளிச்சம், மழை வேறு. ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் தெரியும் தொப்பியை வைத்து எந்த லிம்ஸ் என்று சொல்ல வேண்டும். அதிலும் கோசியஸ்கோ! ஆஸ்திரேலியாவின் உயரமான மலையின் பெயர். கிராஞ்சியின் கடைசிக் காலத்து நட்சத்திரம் அந்தக் குதிரைதான், லயன் சிட்டி கப்பெல்லாம் எடுத்தது. அடிக்கடி முன்னால் ஓடியதால் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தீர வேண்டியிருந்தது. உரக்கச் சொல்லிப் பாருங்கள், மூச்சு எங்கே நிற்கிறதென்று தெரியும்.

முடிவுக் கோடு இன்னொரு தொல்லை. வர்ணனை அறை கோட்டுக்கு நேர் மேலே இல்லாத மைதானங்கள் நிறைய. ஒரு குதிரை உள்வேலியை ஒட்டியும் இன்னொன்று வெளிப்பக்கமும் ஓடி வந்தால், சாய்வான பார்வையில் எது முந்தியது என்று கண் ஏமாற்றும். கேட்கிறவன் கையில் டிக்கெட் இருக்கிறது. போட்டோ ஃபினிஷ், படம் பார்த்துத்தான் தெரியும் என்று சொல்லி நிறுத்துவதா, துணிந்து ஒரு பெயரைச் சொல்வதா? அந்த ஒரு நொடியில் குரல் எப்படித் தயங்குகிறது, அல்லது தயங்காமல் பாய்கிறது என்பதில்தான் ஒரு வர்ணனையாளரின் தரம் தெரியும் என்பது என் கட்சி.

பெரிய ஆட்டம் நடக்கும்போது கஷ்டம் கூடுமே தவிரக் குறையாது. 2013 செப்டம்பர் 6ஆம் தேதி இரவு பிரேசில் ஜாக்கி ஜோவாவ் மொரேரா கிராஞ்சியில் எட்டுக் குதிரைகளில் ஏறி எட்டையும் ஜெயித்தார். ‘மேஜிக் மேன்’ என்ற பட்டம் சும்மா வந்ததில்லை. ஐந்தாவது, ஆறாவது வெற்றிக்குப் பிறகு மைதானத்தில் எல்லார் கண்ணும் ஒரே ஆள்மேல் இருந்திருக்கும். வர்ணனையாளருக்கு அந்தச் சுகம் கிடையாது. கடைசியில் ஓடும் குதிரைக்கும் முதலாளி உண்டு, அதன்மேல் பணம் கட்டியவன் உண்டு, அதன் பெயரையும் சொல்லியாக வேண்டும். அந்த எட்டு ஒலிப்பதிவுகளை வரிசையாகக் கேட்க முடிந்தால், ஓர் இரவு ஒரு குரலுக்குள் எப்படி ஏறியது என்று எந்தப் பல்கலைக்கழக மாணவரும் ஆராயலாம். எட்டாவதை மட்டும் வெட்டி எடுத்துக் காட்சிக்கு வைத்தால் அது விளம்பரமாகிவிடும்.

வெட்ட வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், தவறுகளும் அதில் இருக்க வேண்டும் என்பதுதான். 1982இல் மெல்பர்னில் காக்ஸ் பிளேட் பந்தயம். பில் காலின்ஸ் ஆஸ்திரேலியாவின் பெயர்பெற்ற வர்ணனையாளர். நடுவழியில் திணறிக்கொண்டிருந்த கிங்ஸ்டன் டவுனைப் பார்த்து, அதனால் ஜெயிக்க முடியாது என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். அது எழும்பி வந்து, தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை எடுத்தது. அந்தக் குதிரை அன்று செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அந்தத் தவறான வாக்கியத்தைவிட நல்ல சாட்சி இல்லை. கரைகண்ட ஒருவரே கைவிட்ட இடத்திலிருந்து அது வந்தது. சங்கடப்பட்டு அந்த வரியை அழித்திருந்தால் இன்று அந்தப் பந்தயம் வெறும் புள்ளிவிவரம்.

இதற்கு நேரெதிர், இங்கிலாந்தில் குதிரைகள் வேலி தாண்டி ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயம், 1967இல். 23ஆவது வேலியில் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிந்தன. பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாய்னவன் மட்டும் இடுக்கில் புகுந்து தாண்டியது. நூற்றுக்கு ஒன்று என்று யாரும் சீண்டாத குதிரை. வர்ணனையாளர் மைக்கேல் ஓஹெஹிர் அந்தக் களேபரத்திலும் அதன் பெயரைச் சரியாகச் சொன்னார். பந்தயத்துக்கு முன்பு ஜாக்கிகள் அறைக்குப் போனபோது தனக்குப் பிடிபடாத ஒரு சட்டையைப் பார்த்து, யாருடையது என்று கேட்டு வைத்திருந்தார். அவ்வளவுதான் ரகசியம். அந்த வேலிக்கே இன்று ஃபாய்னவன் என்று பெயர். நம் வர்ணனையாளர்களும் இப்படிக் கேட்டு, குறித்து, நிறம் தீட்டி வைத்திருந்த தாள்கள் எங்காவது ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கும். கட்டடம் இடிபடுவதற்குள் அவற்றையும் தேடி எடுங்கள்.

குதிரைப் பந்தயம் என்றால் சூதுதானே என்று நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். சம்பளக் கவரைப் பிரிக்காமலே கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கியவர்களையும், அவர்கள் வீட்டுப் பெண்கள் பட்ட பாட்டையும் நானும் அறிவேன். அதைப் பூசி மெழுகச் சொல்லவில்லை. பந்தயம் நின்றாலும் சிங்கப்பூர் பூல்ஸ் வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆக, போனது சூது இல்லை, உள்ளூர்ப் பந்தயமும் அதை நம்பியிருந்த தொழில்களும்தான்.

அந்தத் தொழில்களில் நம் பங்கும் இருந்தது. தேக்காவில் மீன்தலைக் கறி சாப்பிட ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யோசிக்கிறார்கள்? 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போகும்வரை பந்தயத் திடல் அந்தப் பக்கம்தான். 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் மேலெழும்பியதும் அந்தத் திடலிலிருந்துதான். என் மாமா ஒருவர் புக்கிட் தீமாவிலும் பிறகு கிராஞ்சியிலும் சைஸாக, அதாவது குதிரை பார்த்துக்கொள்ளும் ஆளாக, வேலை செய்தார். பாதிப் பந்தயங்களை அவர் பார்த்ததே இல்லை, கேட்டதுதான். ஓடி வந்த குதிரையின் கால்களில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே ஒலிபெருக்கியில் அடுத்ததைக் கேட்பார். “பேரு சொல்லிக் கொஞ்ச நேரமாச்சுடா, நம்ம குதிரை பின்னால கிடக்குது” என்பார். வர்ணனையாளர் மூச்சை இழுக்கும் விதத்தை வைத்தே, பெயர் வருவதற்கு முன்பாகவே, “வருது, வருது” என்று குழாயைக் கீழே போடுவார். ஆங்கிலம் அவருக்கு அரைகுறைதான். அந்தக் குரலைப் படிக்க அவருக்கு அது போதும்.

ஆகவே, ஒலிப்பதிவோடு வேலை முடியவில்லை. 1979 முதல் இயங்கும் வாய்மொழி வரலாற்று நிலையம் உங்கள் கையில் இருக்கிறது. வர்ணனையாளர்களை உட்காரவைத்து அவர்கள் வர்ணித்த பந்தயத்தையே போட்டுக் காட்டி, இந்த இடத்தில் ஏன் தயங்கினீர்கள் என்று கேளுங்கள். அதே பந்தயத்தை லாயத்தில் இருந்தவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். அவர்களைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் பேசவிடுங்கள். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால், “ஆமாம், நல்ல குதிரை” என்பதோடு எழுந்து போய்விடுவார்கள். பெயர்களைப் பட்டியலிடும்போது முதலாளி, பயிற்சியாளர், ஜாக்கி என்று மூன்றோடு நிறுத்தாமல் சைஸின் பெயருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். ராக்கெட் மேனை ஓட்டியவர் ஃபீலிக்ஸ் கோட்சி, பயிற்சி தந்தவர் பேட்ரிக் ஷா என்று உடனே சொல்லிவிடலாம். விடியற்காலையில் அதன் கால்களைத் தடவிப் பார்த்தவர் யார் என்றும் தேடினால் கிடைக்க வேண்டும்.

கிராஞ்சியில் வேலை பார்த்தவர்களில் பலர் வெளியூர் போய்விட்டார்கள், சிலர் மலேசியாவுக்கே திரும்பிவிட்டார்கள். வயதானவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நிலத்தை ஒப்படைக்க 2027 மார்ச் என்று கெடு இருப்பதுபோல் இதற்கும் ஒரு கெடு வைத்து, யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து அறிவியுங்கள். தமிழில் பேட்டி எடுக்க ஆள் வேண்டுமானால் எங்களில் பலர் சம்பளம் கேட்காமல் வருவோம்.

இப்படிக்கு,
சிராங்கூன் சாலைப் பக்கம் குடியிருக்கும் பழைய பந்தய ரசிகன்