சாவியைக் கொடுத்தாயிற்று

கேப் டவுன்
செப்டம்பர் 4

அன்புள்ள தேன்மொழிக்கு,

இன்று காலை வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். 43 நாள், 6,400 கிலோமீட்டர். முன் கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி ஒன்று, வீணாய்ப்போன டயர் ஒன்று. வேறு சேதாரம் இல்லை. இனி ராத்திரியில் ஏணி வைத்து வண்டிக் கூரைமேல் கூடாரத்துக்கு ஏற வேண்டாம் என்பதில் என் முட்டிக்குத்தான் பெரிய சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் "அப்பாதான் ஓட்டுகிறார்" என்றேனே, அது பொய். வீடியோவில் அவர் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருந்ததெல்லாம் வண்டி நின்ற பிறகு. நமீபியாவில் ஆறாம் நாளிலிருந்து ஓட்டியது நான்.

எட்டோஷா பூங்காவில் பொழுது சாய்வதற்குள் முகாமுக்குள் போய்விட வேண்டும், கேட்டைச் சாத்திவிடுவார்கள். நாங்கள் ஒரு தண்ணீர்க் குட்டையில் யானைகளைப் பார்த்துக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டோம். அப்பா அவசரமாக ஓட்டினார், எதிர்வெயில். ரோட்டில் வரிக்குதிரைக் கூட்டம் நிற்பது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. நான் கத்திய கத்தில் பிரேக் போட்டார். ஒரு முழம்தான் இடைவெளி. அந்த வரிக்குதிரைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராத்திரி ரசம் சாதம் சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். இரண்டு கண்ணிலும் புரை என்று மார்ச் மாதமே டாக்டர் சொல்லிவிட்டாராம். சொன்னால் பயணம் நின்றுவிடும் என்று மறைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பாத்திரத்தைக் கழுவாமலே படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் வண்டிச் சாவி என் டீ டம்ளர் பக்கத்தில் இருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

காய்கறிச் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் கார் ஓட்டியவள் நான். நல்லவேளை, இங்கேயும் நம் ஊர் மாதிரி இடதுபுறம்தான். முதல் இரண்டு வாரம் அப்பா பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

மேப்பில் நமீபியாவுக்குக் கரண்டிக் காம்பு மாதிரி கிழக்கே ஒரு நீட்டம் இருக்கும், பார். அப்போது நமீபியாவை ஆண்ட ஜெர்மனி 1890ல் பிரிட்டனோடு பேரம் பேசி வாங்கியது. ஜாம்பேசி ஆற்றைப் பிடித்தால் இந்தியப் பெருங்கடல் வரை போய்விடலாம் என்று கணக்கு. நடுவில் 108 மீட்டர் உயரத்துக்கு விக்டோரியா அருவி! அந்தக் காம்பில்தான் ஒரு யானைக் குடும்பம் ரோட்டைக் கடக்க, எஞ்சினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அருவியைப் பற்றி நான் எழுத வேண்டாம், போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

போட்ஸ்வானா எல்லையில் மாட்டுக் கோமாரி பரவாமல் இருக்க, மருந்துத் தண்ணீரில் நனைத்த விரிப்பில் செருப்பை மிதித்துவிட்டுப் போக வேண்டும், வண்டிச் சக்கரத்துக்கும் அதே குளியல். பச்சை இறைச்சி இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்த அதிகாரியம்மா, பெருங்காய டப்பாவை மோந்து பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

அந்த நாட்டில் காசுக்குப் பெயர் புலா. புலா என்றால் மழை. கரிசல் காட்டில் பிறந்தவளுக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா? மாவுன் பக்கம் ஒக்கவாங்கோ ஆற்றில் ஓடம் போனோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை, ஆனால் சுற்றிலும் வெள்ளம். எப்போதோ அங்கோலா மலையில் பெய்த மழை, மாதக்கணக்கில் ஊர்ந்து, இந்த வறண்ட குளிர்காலத்தில் வந்து சேர்கிறது. கடலைப் பார்க்காமலே மணலில் விரிந்து முடிந்துபோகிறது அந்த ஆறு. அன்று முழுக்க நான் ஒன்றும் பேசவில்லை என்று அப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

நமீப் பாலைவனம் போகும் வழியில் டயர் போனது. தார் கிடையாது, வரிவரியாகத் திரண்ட சரளை ரோடு, போனில் சிக்னல் இல்லை. "சார்ஜ் தீர்ந்துவிட்டது" என்று உன்னிடம் சொன்னேனே, அந்த நாள்தான். எனக்கு ஜாக்கி வைக்கத் தெரியாது. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் கீழே படுத்தார். ஸ்டெப்னி மாட்டும்போது நட்டுகளைக் கண்ணால் பார்க்கவே இல்லை, விரலால் தடவித் தடவியே பூட்டினார். ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் வந்தது ஒரே ஒரு வண்டி. நிறுத்தி, எல்லாம் சரியா என்று கேட்டு, தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பாலைவனத்தில் சோசுஸ்வ்லே என்ற இடத்துக்குக் கடைசி 5 கிலோமீட்டர் பொடி மணல். டயரில் காற்றை இறக்கி ஓட்டினேன், சிக்கவில்லை. இதை மட்டும் மாப்பிள்ளையிடம் மறக்காமல் சொல்.

ஆரஞ்சு ஆற்றைத் தாண்டித் தென்னாப்பிரிக்காவுக்குள் வந்தால் நமக்வாலாந்தில் கண்ணுக்கு எட்டியவரை ஆரஞ்சுப் பூ. "இங்கே பாருங்கள்" என்று திரும்பினேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை, மெதுவாக ஓட்டினேன்.

மண்டேலாவைச் சிறை வைத்திருந்த ராபன் தீவுக்குப் போகவில்லை, காற்று பலம் என்று படகு விடவில்லை. மிச்ச அரிசி பருப்பை விடுதியில் துணி துவைக்கும் அம்மாவிடம் கொடுத்தாயிற்று. பர்ஸில் கொஞ்சம் நமீபிய டாலர் தங்கிவிட்டது. தென்னாப்பிரிக்க ராண்ட் அங்கே செல்லும், அவர்கள் காசு இங்கே செல்லாது. சம்பந்தி முறை மாதிரிதான். மலேரியாப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் மாத்திரை போட வேண்டும், இன்னும் ஆறு நாள் பாக்கி.

ஊருக்குப் போனதும் முதலில் வலது கண், அப்புறம் மூன்று வாரம் கழித்து இடது. நீ ஓடி வர வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டிக்கொண்டு போகிறேன். அப்பாவைத் திட்டாதே, நான் திட்டியதே போதும். நம் கார் பேட்டரி இந்நேரம் இறங்கியிருக்கும், மெக்கானிக்கிடம் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா