மேசை மேல் ஒரு பஞ்சு

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். நான் பதில் போடாததற்குக் காரணம் என் மேசை மேல் இருக்கிறது. ஓர் அங்குலத் தேக்குக் கட்டைகள் 400 சேர்த்து ஒட்டிய கனசதுரம்.

கல்லூரியில் மெங்கர் பஞ்சு என்று படித்தோமே, 1926இல் கார்ல் மெங்கர் என்ற கணிதவியலாளர் சொன்னது. கனசதுரத்தை 27 ஆகப் பிரித்து, ஆறு முகங்களின் நடுக்கட்டையையும் உள்ளே மையத்தில் இருப்பதையும் எடுத்தால் 20 மிஞ்சும். அந்த இருபதிலும் அதையே செய்தால் 400. அதுதான் இது.

ஒவ்வொரு முகமும் ஒன்பதுக்கு ஒன்பது. சுடோகு கட்டமேதான்! வரிசை, பத்தி, மூன்றுக்கு மூன்று பெட்டி, எதிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு முறை வரவேண்டுமே, அதே கட்டம். ஓட்டையான கட்டங்களை எண்ணினேன். நடுவில் 9, சுற்றிலும் 8, ஆக 17. ஒரே விடை வரவேண்டுமென்றால் சுடோகுவில் குறைந்தது 17 எண் கொடுத்தாக வேண்டும் என்று 2012இல் டப்ளினில் கம்ப்யூட்டர் வைத்து நிரூபித்தார்களே, அதே 17. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த 17 இடங்களில் மட்டும் எண் கொடுத்தால் புதிர் ஆகுமா? ஆகாது. முதல் வரிசையிலும் மூன்றாவதிலும் ஓட்டையே இல்லை. அவற்றை இடம் மாற்றினால் இன்னொரு விடை வந்துவிடும். சரி, தலைகீழாகச் செய்வோம் என்று 64 கட்டைகளில் எண் போட்டு ஓட்டைகளை வெறுமையாக விட்டேன். ஓரப் பெட்டிகளில் ஒவ்வோர் எண்தான் குறை, உடனே தெரிந்துவிடும். நடுப்பெட்டியில் ஒன்பதும் இல்லை. ஆனால் அங்கே வரிசைக்கு மூன்று எண் பாக்கி, பத்திக்கு மூன்று எண் பாக்கி. எந்த வரிசையையும் எந்தப் பத்தியையும் எடு, இரண்டுக்கும் பொதுவான எண் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எந்தச் சுடோகுவுக்கும் இது பொருந்தும், தாளில் போட்டுப் பார். இல்லாத எண்ணைச் சுற்றியுள்ள மரமே சொல்கிறது, சேகர்!

ஐப்பசியில் புது மரத்தில் ஆரம்பித்தது என் தப்பு. மழை ஈரத்தில் கட்டைகள் ஊதி, ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை. அப்புறம் இடித்த வீட்டின் பழைய தேக்கு நிலை ஒன்று கிடைத்தது. ஆசாரி இழைத்துக் கொடுத்தார், எண்களைச் சூட்டுக்கோலால் நானே சுட்டேன். சாயங்காலம் ஜன்னல் வெயில் நேராக விழும்போது 17 ஓட்டை வழியாகவும் வெளிச்சம் மறுபக்கம் வந்து சுவரில் விழுகிறது. அம்மா தினமும் ஓட்டையில் விரலை விட்டு, "இங்கே ஏழு" என்கிறாள்.

ஐந்து முகம் முடித்துவிட்டேன். ஆறாவதில் இன்னும் கோல் வைக்கவில்லை. அதற்கான சுடோகுவை நீ போட்டு அனுப்பு. மார்கழியில் வரும்போது நீயே சுடலாம்.

அன்புடன்,
ரகு