உள்ளங்கை அளவு இழைப்புளி

காரைக்குடி,
ஐப்பசி 12

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. எந்த இழைப்புளி வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய படங்களைத் தம்பியின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மரவேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி இதைப் படமெடுத்து அனுப்புவான்.

மேப்பிள் பலகையின் அறுத்த நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே கை ஓய்ந்துபோனது என்று எழுதியிருந்தாய். ஓயத்தான் செய்யும். கை ஓய்வதைக்கூட விடு. உப்புத்தாள் ஓரங்களை உருட்டிவிடும். அந்த நுனியில் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசியும். அப்படிப்பட்ட பலகையை இன்னொன்றோடு சேர்த்தால் சந்து விழாமல் என்ன செய்யும்? ஆக, சின்ன இழைப்புளி வேண்டும் என்று நீ நினைத்தது சரிதான். எது என்பதில்தான் குழம்பியிருக்கிறாய்.

பித்தளையில் மூன்று குட்டிகள் சேர்ந்த அந்த செட் பார்க்க லட்சணமாக இருக்கிறது. கொலுப்படியில் வைக்கலாம். வயலின் செய்கிறவர்களுக்கு அந்த மாதிரி வேண்டும், குழிவான பலகைக்குள் விரலோடு விரலாகப் போகும். முக்காலி செய்கிற உனக்கு எதற்கு? ஷோல்டர் பிளேன் படத்தையும் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடு. அதில் மரத்தைச் சீவுகிற தகடு உடம்பின் முழு அகலத்துக்கும் இருக்கும், கழுந்து, அதாவது துளைக்குள் செருகுகிற நாக்கு, வெட்டும்போது அதன் தோளை மூலை வரைக்கும் சீவ அது உதவும். கழுந்தை ரம்பத்தால் நேராக அறுக்கப் பழகிய பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

கன்னா என்கிற ஜப்பான்காரர்களின் இழைப்புளியைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்தது. மரக்கட்டை உடம்பு, நம் ஊர் இழைப்புளிக்கு உறவுக்காரன் மாதிரி இருக்கிறது. நாம் தள்ளுவோம், அவர்கள் இழுப்பார்கள். உன் தாத்தாவின் பெரிய இழைப்புளியில் முன்பக்கம் கயிறு கட்டி நான் இழுப்பேன், அவர் பின்னாலிருந்து தள்ளுவார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நான் இழுக்கிற வேகம் அவர் தள்ளுகிற வேகத்தோடு சேரவில்லை என்றால் ஒரு உறுமல் வரும், அவ்வளவுதான், திட்டமாட்டார். இந்தக் கதை எதற்கென்றால், மரக்கட்டை உடம்புக்கு ஊர்க் காற்று முக்கியம். உங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடி வீட்டுக்குள் காற்று காய்ந்துபோகிறது, கோடையில் ஈரம் ஏறுகிறது. கட்டை அதற்கேற்பச் சுருங்கும், உப்பும், அடிப்பக்கம் கோணும். தினமும் அதைக் கையில் எடுக்கிறவன் அவ்வப்போது அடியைச் சீவிச் சரிசெய்துகொள்வான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டறைக்குள் போகிற நீ இழைப்புளியை இழைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் உனக்கு இரும்புதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பியதில் இரண்டு ஒரே மாதிரி தெரிகின்றன, விலையும் கிட்டத்தட்ட ஒன்று, ஒன்றில் 20 டிகிரி, இன்னொன்றில் 12 டிகிரி என்று போட்டிருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எல்லாமே அதில்தான் இருக்கிறது பாப்பா.

நம் வீட்டுப் பெரிய இழைப்புளியில் தகடு 45 டிகிரி சாய்ந்து நிற்கும், சாணை பிடித்த சரிவு கீழ்ப்பக்கம் பார்க்கும். சின்ன இழைப்புளியில் தலைகீழ். தகடு படுத்திருக்கும், சரிவு மேலே பார்க்கும். அதனால் மரத்தைச் சந்திக்கிற கோணம் என்பது தகடு படுத்திருக்கிற சாய்வும் சாணை பிடித்த சரிவும் சேர்ந்தது. சரிவு 25 என்று வைத்துக்கொள். 20 டிகிரிக்காரனில் 45 ஆகிவிடுகிறது, பெரிய இழைப்புளியைப் போலவே. 12 டிகிரிக்காரனில் 37. பலகையின் நுனி என்பது ஈர்க்குமாற்றைக் கட்டி நிறுத்திய மாதிரி, ஒவ்வொரு நாரும் உன்னைப் பார்த்து நிற்கிறது. நிமிர்ந்த கத்தி அதைத் தள்ளி மடக்கும், படுத்த கத்தி நறுக்கும். ஷார்ஜாவில் இருந்த ஏழு வருஷத்தில்தான் இதைக் கையால் உணர்ந்தேன். அங்கே போர்மேன் ஒருவர் தன் பெட்டியிலிருந்து ஒரு ஸ்டான்லி அறுபதரையை, அதாவது அந்தக் கம்பெனியின் 60½ நம்பர் போட்ட, தகடு நன்றாகப் படுத்த சின்ன இழைப்புளியை, எடுத்துக் கொடுத்து, தேக்குக் கதவின் தலையைச் சீவச் சொன்னார். அதுவரை அந்த இடத்தில் எனக்குத் தூள்தான் விழுந்திருக்கிறது. அன்றைக்குச் சுருள் வந்தது. நுனியிலிருந்து சுருள்! சாப்பாட்டு மணி அடித்தும் நான் நகரவில்லை.

எதிர்நார் ஓடும் மரத்தில் 37 டிகிரி பிய்த்துவிடாதா என்று நீ கேட்பாய். பிய்க்கும். அதற்கு இன்னொரு தகடு வாங்கி 38 டிகிரி சரிவு பிடித்து வைத்துக்கொள். 12-உம் 38-உம் 50 ஆயிற்று, முரட்டு மரமும் அடங்கும். 20 டிகிரிக்காரனில் இப்படி மேலே ஏற்றலாம், கீழே இறக்க வழியில்லை. சரிவை 25-க்கும் கீழே மெலிதாகப் பிடித்தால் கூர் உதிர்ந்துவிடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு 12.

முன்வாய், அதாவது அடியில் தகடு எட்டிப்பார்க்கிற சந்தின் முன்பக்கம், நகர்த்துகிற மாதிரி இருக்க வேண்டும், அதில் மட்டும் காசு பார்க்காதே. மெல்லிசாகச் சீவும்போது வாயை ஒரு மயிரிழைக்கு மூடிவிட்டால் நார் கிழிவதற்கு முன்னாலேயே அமுங்கிக்கொள்ளும்.

அடுத்தது உன் கை. உன் கை அம்மா கை, என்னுடையது இல்லை. நீ சொன்ன இரண்டு கம்பெனியில், அமெரிக்காவின் லீ-நீல்சன் அறுபதரையில் தகட்டின் அகலம் ஒன்றே கால் அரைக்கால் என்றெல்லாம் குழப்பாமல் நம் கணக்கில் சொன்னால் பதினொரு நூல். உங்கள் ஊர்க்காரனான வெரிட்டாஸில் பதின்மூன்று நூல். இரண்டு நூல் வித்தியாசம் எண்ணிப் பார்த்தால் கால் அங்குலம்தான், ஒரு கையால் பிடித்துத் தள்ளும்போது மணிக்கட்டுக்கு அது தெரியும். வெரிட்டாஸில் தகடு பக்கவாட்டில் நகராமல் இருக்க இரண்டு புறமும் சின்னத் திருகு இருக்கிறது, அது நல்ல யோசனை. ஒட்டாவாவிலேயே அவர்கள் கடை இருக்கிறதே, நேரில் போ. முதுகு உள்ளங்கைக் குழிக்குள் உட்கார வேண்டும், ஆள்காட்டி விரல் முன்குமிழில் தானாகப் போய் விழ வேண்டும். விரலை நீட்டித் தேடினால் அது உனக்கில்லை, எவ்வளவு பேர் வாங்கினாலும் சரி.

தகட்டுக்கு எந்த எஃகு என்று ஒரு பட்டியலே அனுப்பியிருந்தாய். ஓ1 போதும். தேக்குக்குள் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது, கூரைத் தின்றுவிடும், அதனால்தான் நாங்கள் மணிக்கொரு தரம் சாணைக்கல்லைத் தேடுவோம். உன் மேப்பிள் கெட்டியான மரம்தான், ஆனால் அந்த மணல் கிடையாது. ஓ1 கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். பழகுகிறவளுக்கு அதுதான் வேண்டும். ஏ2, பிஎம்-வி11 எல்லாம் கூர் அதிக நேரம் நிற்கும், ஏற்றுவதற்கும் அதற்கேற்ற பொறுமை வேண்டும்.

இருநூறு டாலருக்கு மேல் ஆகிறது, இருபது டாலரிலும் ஒன்று கிடைக்கிறதே என்று மாப்பிள்ளை கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஊருக்குத் திரும்பிய புதிதில் நானும் இங்கே ஒரு கடையில் மலிவாக ஒன்று வாங்கினேன். அடிப்பாகம் நடுவில் குழி. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அடியில் பென்சிலால் கோடு கிழித்து, கோடு எல்லா இடத்திலும் அழிகிற வரை தேய்த்தேன். காலையில் ஆரம்பித்தது, விளக்கு வைக்கும்போது முடிந்தது. அதன் பிறகும் வாய் கோணல், அதற்கு மருந்தில்லை. இப்போது அது உன் அம்மாவுக்கு மிளகாய் வற்றல் பறக்காமல் இருக்க வைக்கிற பாரம்.

காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பழைய ஸ்டான்லி அறுபதரை தேடு. அமெரிக்கச் சரக்குதான், பழைய சாமான் விற்கிற இடங்களில் அகப்படும். முதலில் வாயின் ஓரம் மூளியா என்று பார். அப்புறம் பக்கச் சுவரில் விரிசல். அது வார்ப்பிரும்பு, ஒரு தடவை சிமெண்டுத் தரையில் விழுந்திருந்தாலும் விரிந்திருக்கும். லீ-நீல்சன்காரர்களுடையது உடையாத ஜாதி இரும்பு. தகட்டின் தட்டைப் பக்கத்தில், கூருக்குக் கிட்டே துருக் குழி இருந்தால் தகட்டை மாற்ற வேண்டிவரும், அந்தக் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள். மேல்துரு ஒன்றும் செய்யாது.

எதை வாங்கினாலும் கல் வாங்கக் காசு எடுத்து வை. 1000 நம்பர் சொரசொரப்பில் ஒன்று, அதைவிட மெல்லிசாக 6000 அல்லது 8000 ஒன்று. கடையிலிருந்து வரும் தகட்டை அப்படியே மாட்டாதே. தட்டைப் பக்கத்தை நுனி பளபளக்கிற வரை கல்லில் தேய், பிறகு சரிவைத் தேய். பின்பக்கம் விரலை வைத்து வெளிப்புறமாக வருடினால் பிசிர் தட்டுப்படும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பிசிர் வந்த பிறகுதான் அடுத்த கல். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், உங்கள் ஊரில் அது கல்லாக உறைந்து கிடக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

தகடு வைக்கும்போது முதலில் உள்ளே இழுத்துக்கொள், பிறகு திருகை முன்னோக்கித் திருகிக்கொண்டே வா. திருகுக்குள் கொஞ்சம் லூஸ் இருக்கும், அதனால் கடைசித் திருப்பு எப்போதும் முன்னோக்கியே இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டு தள்ளில் தகடு பின்வாங்கிவிடும். தீக்குச்சி கனத்தில் ஒரு மரச்சிலாம்பை எடுத்து வாயின் இடது ஓரத்தில் ஒரு தரம், வலது ஓரத்தில் ஒரு தரம் உரசிப் பார். இரண்டிலும் ஒரே சத்தம் வந்தால் தகடு நேராக இருக்கிறது. கண் ஏமாறும், காது ஏமாறாது.

நுனியைச் சீவும்போது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே தள்ளாகப் போய்விடாதே. நான் தனியாகப் பார்த்த முதல் வேலை, ஒரு வீட்டுத் தேக்கு ஜன்னல் கதவு. உற்சாகத்தில் கடைசி வரை தள்ளினேன். அந்தப் பக்க மூலை இரண்டு நூல் அளவுக்குப் படக்கென்று பெயர்ந்து விழுந்தது. பசை போட்டு ஒட்டி, மெழுகு தடவி, யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். சாயங்காலம் தாத்தா வந்தார், கதவைத் தடவினார், நேராக அந்த மூலையில் நகத்தை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் புதுச் சட்டம் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் கூலி வாங்கச் சொன்னார். இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவுக்குச் சீவு. இல்லாவிட்டால் அந்தப் பக்க மூலையை முன்னாலேயே லேசாக மழுக்கிவிடு, அல்லது ஒரு வேண்டாத கட்டையை ஒட்டினாற்போல் வைத்துப் பிடி. நுனியில் ஈரத்துணியால் ஒரு ஒற்று ஒற்றிக்கொண்டால் இன்னும் சுலபமாக நறுக்கும்.

சின்ன வயதில் நீ என் காலடியில் உட்கார்ந்து சுருளைப் பொறுக்கி வளையலாகப் போட்டுக்கொள்வாய். தம்பியைக் கூப்பிட்டு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன், அவன் பாங்கு வேலைக்குப் போனான். உன்னைக் கூப்பிடத் தோன்றவில்லை. சரி, இப்போது கேட்கிறாய், சொல்கிறேன்.

இங்கே நல்ல மழை. பூஜை அறைக் கதவு ஈரம் குடித்து நிலையில் பிடிக்கிறது. அரை நூல் சீவிவிடுங்கள் என்று அம்மா தினமும் சொல்கிறாள். இப்போது சீவினால் வெயில் காலத்தில் இடுக்கு விழுந்து பல்லி நுழையும். தை வரட்டும், அப்போதும் பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் கதவைத் தோளால் இடித்துத்தான் திறக்கிறாள், ஒவ்வொரு இடிக்கும் என் பெயர் வருகிறது.

கடைக்குப் போய் எது உள்ளங்கையில் உட்கார்ந்தது என்று எழுது.

அன்புடன்,
அப்பா