செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஆடி விருந்தும் பள்ளிக்கூடத் தாழ்ப்பாளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் குடும்பங்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வடசென்னையில் நம் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் அஞ்சலி செலுத்துவோம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடையில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். மழைநீர் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி மண்டல அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தோம். இரண்டு தெருக்களில் வேலை நடந்தது, மூன்றாவது தெருவில் நடக்கவில்லை. அக்டோபர் 15ஆம் தேதி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது அந்த மூன்றாவது தெருவில்தான். மனுக்களின் நகல் பத்திரமாக இருக்கிறது. இந்த ஆண்டும் விடப்போவதில்லை. வரவு செலவுக் கணக்கை எனக்குப் பின் பொருளாளர் வாசிப்பார்.

இனி விருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். இந்த ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு அதில்தான் போனது.

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த வாரத்தில் செயற்குழு கூடியபோது, நம் பகுதிப் பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. அன்று எனக்கு ஒரு பழைய விஷயம் மனதை அறுத்தது. அதை இங்கேயும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஏழாவது படித்த ஒரு பையனின் உள்ளங்கை பிரம்படியில் வீங்கி, அவன் அம்மா அவனைக் கையோடு நம் சங்க அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். எந்தப் பள்ளி என்பது இப்போது வேண்டாம். நாம் பெரியவர்களாகக் கூடிப் பேசினோம். வாத்தியாரிடம் பேசினோம், அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தினோம், ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினோம். பள்ளிக்கூடத்துப் பெயர் கெடாமல் முடிந்ததே என்று அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. அது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பையன் அடுத்த மாதமே பள்ளியை விட்டு நின்றான். இப்போது கன்டெய்னர் யார்டு ஒன்றில் லோடு ஏற்றுகிறான். தெருவில் பார்த்தால் எனக்கு வணக்கம் வைப்பான். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே, பிள்ளை பயமில்லாமல் போய்வரும் பள்ளி, பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் பள்ளி, இதற்காக நிதி திரட்டுவது என்று ஒருமனதாக முடிவானது. எப்படித் திரட்டுவது என்பதற்கு வழி சொன்னவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் குடியேறிய நம் உறுப்பினர். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து வைப்பார்கள். இலை போட்டுச் சாப்பாடு, வாசலில் மொய் நோட்டு. வாங்கிய மொய்யை, எழுதியவர் விருந்து வைக்கும் முறை வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும், அது கடன். "நாம வெக்கிற விருந்துல மொய்யெழுதுறவங்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியதில்ல. பிள்ளைங்களுக்குச் செஞ்சாப் போதும்," என்றார் அவர்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. ஆகஸ்ட் 10, சனிக்கிழமை மாலை. கூப்பன் 300 ரூபாய். விருப்பப்பட்டவர்கள் அதற்கு மேல் மொய் எழுதலாம் என்று அறிவித்தோம்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாவிட்டால் சமையல்காரர்களுக்குச் செய்யும் துரோகம். பிரியாணிக்கு ராயபுரம் மாஸ்டர் கூலி வாங்காமல் வந்தார், விறகுக்கும் அரிசிக்கும் மட்டும் கணக்கு. தால்சா, கத்தரிக்காய், தயிர் வெங்காயம், கடைசியில் பிரெட் அல்வா. சைவத்துக்குத் தனியாக சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்து வாரிசு ஒருவர் வியாசர்பாடியிலிருந்து வண்டியோடு வந்து வாசலில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் போட்டுக் கொடுத்தார். வாழைத்தண்டு சூப்பு அடுப்பிலிருந்து இறங்கவே இல்லை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிந்து படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததால், காசிமேட்டில் மீன் விற்கும் நம் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து சுறாப்புட்டு செய்து இரண்டு குண்டானில் எடுத்துவந்தார்கள். மொய்யாக அதை எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். நோட்டில் "சுறாப்புட்டு, 2 குண்டான்" என்று அப்படியே எழுதியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர் பெயரில்தான் நம் வண்ணாரப்பேட்டைக் கல்லூரி இருக்கிறது. தலைவர் வரவேற்புரையில் இதைச் சொன்னபோது கல்லூரியின் பழைய மாணவர்கள் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஏழரை மணிக்கு மழை பிடித்தது. மண்டபத்துப் பின்கட்டில் இரண்டாவது அண்டா அப்போதுதான் தம்மில் இருந்தது. பையன்கள் நான்கு மூலையிலும் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நனைந்தபடி நின்றார்கள். கை மாற்றிக்கொள்ளச் சொன்னால்கூடக் கேட்கவில்லை. அடுத்த பந்திக்குத் தாமதமானது. அந்தத் தாமதம் இல்லையென்றால் இந்த அறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

நோட்டீசில் நாங்கள் அச்சடித்திருந்தது கண்காணிப்புக் கேமராக்கள். வசூலாகும் பணம் முழுவதையும் அதற்கே செலவிடுவதாகத் திட்டம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் ஓர் அம்மா நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அக்கா, கேமராவ எங்க மாட்டுவீங்க? பாத்ரூம்ல மாட்ட முடியுமா? அங்க கதவுக்குத் தாப்பாளே இல்லக்கா," என்றார். பக்கத்தில் நின்ற அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையின் அனுமதியோடு போய்ப் பார்த்தேன். தகரக் கதவு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும், சுற்றிலும் துரு. மேல் துளையில் ஒரு நீல ரிப்பனைக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். உள்ளே போகிற பிள்ளை அந்த ரிப்பனைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், வெளியே ஒரு தோழி கதவில் சாய்ந்து நிற்க வேண்டும். ரிப்பன் நுனி கறுத்து நைந்து போயிருந்தது. எத்தனை பிள்ளைகள் கை பட்டதோ. தோழி வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று ஏழாம் வகுப்புப் பெண்களிடம் கேட்டேன். "தண்ணி குடிக்க மாட்டோம் மிஸ்" என்றார்கள். அதை அவர்கள் புகாராகச் சொல்லவில்லை, வீட்டுப்பாடம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்கள்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் தேதி 94 குழந்தைகள் தீயில் மடிந்த நாளிலிருந்து, பள்ளிப் பாதுகாப்பு என்றால் நம் எல்லோருக்கும் கூரையும் தீயும்தான் முதலில் நினைவுக்கு வரும். அது சரியும்கூட. ஆனால் தாழ்ப்பாளை நாம் யாரும் நினைக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அப்படி ஓர் அம்மா அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் நமக்கு விஷயம் தெரிந்தது.

செப்டம்பரில் செயற்குழுவை அவசரமாகக் கூட்டித் திட்டத்தை மாற்றினோம். கேமராவுக்கென்று கொடுத்த பணத்தைக் கேட்காமல் வேறொன்றுக்குச் செலவிடக்கூடாது என்பதால் மொய் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். மூன்று பேர் தொகையைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். அவர்கள்மீது வருத்தம் இல்லை. மற்றவர்கள் சம்மதித்தார்கள், சிலர் மேலும் கொடுத்தார்கள். வாசலைப் பார்த்தபடி இரண்டு கேமராக்கள் மட்டும் வைத்தோம்.

கழிப்பறைகளுக்குப் புதிய கதவு, உள்தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர்க் குழாய். அக்டோபர் மழையில் வேலை நின்று, நவம்பர் கடைசியில் புயல் வந்து, டிசம்பரில்தான் முடிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் வைக்க வேண்டும் என்று தச்சரிடம் சொல்ல மறந்துவிட்டோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எம்பிப் பார்த்துவிட்டுத் திரும்பியதைக் கண்ட ஆயாம்மாதான் சொன்னார். அவற்றை மறுபடி கழற்றி இறக்கி வைத்தோம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டையும் சுவரில் எழுதியபோது அந்தத் தவறு நடக்கவில்லை. பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக எழுதியிருக்கிறோம்.

பிள்ளைகளிடம் பேசி மனக்கவலையைக் கேட்கும் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) ஒருவர் வாரம் இரண்டு நாள் வருகிறார். அவரது போக்குவரத்துச் செலவை நிதியிலிருந்து கொடுக்கிறோம். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி முன்பு தலைமை ஆசிரியை மேசைக்கு எதிரே இருந்தது. பிள்ளைகள் எப்படி அங்கே போய்ச் சீட்டுப் போடுவார்கள்? அவரே புரிந்துகொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மாற்றி வைத்தார். அதில் விழும் சீட்டுகளைச் சங்கத்தார் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. உறுப்பினர்கள் ஆர்வத்தில் கேட்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரியில் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றி ஒரு வழக்கறிஞர் வகுப்பெடுத்தார். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "பஞ்சாயத்து பேசி முடிப்பது" என்ற வழக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. இனி பிள்ளைகள் சம்பந்தமான எந்தப் புகாரிலும் நம் சங்கம் சமாதானம் பேசாது, கையெழுத்து வாங்காது, குடும்பத்தோடு துணையாகப் போகும் என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. இன்று பொதுக்குழு அதை உறுதி செய்ய வேண்டுகிறேன்.

முடியாமல் இருப்பவையும் உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சாய்தளம் இன்னும் போடவில்லை. பள்ளி விடும் நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் பள்ளித் தெரு முனையில் நிற்பதும் தொடர்கிறது. நான்கு மணிக்கு விசிலோடு நிற்க இப்போது ஆறு பேர்தான் இருக்கிறோம், இரண்டு பேருக்கு மூட்டுவலி. இளைஞர்கள் பெயர் கொடுங்கள். நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை உண்டா என்று பலர் கேட்டார்கள். நம்மிடம் அந்தப் பதிவு இல்லை, இந்த ஆண்டு விண்ணப்பிக்கிறோம்.

வரும் ஆடிக்கும் அதே மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. பிரியாணி மாஸ்டர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டால்தான் வருவாராம். மொய் நோட்டு பொருளாளர் மேசையில் இருக்கிறது. போகும்போது புரட்டிப் பார்த்து, உங்கள் பெயரும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்