ஒரே ஏசிக்கு 3 கிலோ கேஸ் ஏற்றியவன் எழுதுவது

எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸ் பிரிவு சார்களுக்கும், நாங்கள் வேலைக்கு எடுக்கும் சாமானுக்குக் கணக்கு வைக்கும் ஆப்பை எழுதிய தம்பிமாருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையிலிருந்து ஏசி மெக்கானிக் ஒருவன் எழுதுகிறேன். உங்கள் கணக்குப்படி, போன மாதம் உவரியில் ஒன்றரை டன் ஏசி ஒன்றுக்கு 3 கிலோ ஆர்-32 என்ற குளிரூட்டும் கேஸ் ஏற்றியிருக்கிறேன். அதே வாரம் திசையன்விளையில் ஒரு வீட்டுக்கும் வள்ளியூரில் ஒரு கடைக்கும் கையில் கேஸே இல்லாமல் கேஸ் ஏற்றியிருக்கிறேன். விளக்கம் கேட்டு மெயில் வந்திருக்கிறது. இதுதான் விளக்கம்.

உவரியில் லீக்கை அடைத்து, வேக்கம் போட்டு (குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து), தராசில் வைத்து 780 கிராம் ஏற்றினேன். ஆப்பில் ‘எண்ணிக்கை’ என்று ஒரே கட்டம். 0.78 என்று அடித்தால் புள்ளியை வாங்க மாட்டேன் என்கிறது. சரி என்று 1 போட்டேன். 3 கிலோ சிலிண்டரே முழுசாகக் கணக்கில் தீர்ந்துபோனது. மிச்ச கேஸிலிருந்துதான் மற்ற இரண்டு இடத்துக்கும் போனது. முன்பு நோட்டு வைத்திருந்த ஸ்டோர் அண்ணாச்சி, சிலிண்டர் போகும்போதும் வரும்போதும் எடை போட்டுக் குறித்துக்கொள்வார். ஹோஸில் நிற்கிற கேஸுக்கும் கொஞ்சம் கழிவு விடுவார். ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

ஏசிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு சங்கதி இதைவிட மோசம். கோளாறு போர்டிலா சென்சாரிலா என்று சந்தேகம் வந்தால், நல்ல போர்டு ஒன்றை மாட்டிப் பார்ப்போம். தப்பு அங்கே இல்லையென்றால் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வோம். ஆனால் ஸ்கேன் செய்த நிமிஷமே ஆப் அதை ‘பயன்பட்டது’ என்று எழுதி, வாடிக்கையாளருக்குப் பில்லும் போட்டுவிடுகிறது. அதனால் பையன்கள் யாரும் வேலை இடத்தில் ஸ்கேன் செய்வதே இல்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூக்கக் கலக்கத்தில் ஞாபகத்திலிருந்து மொத்தமாக ஏற்றுகிறார்கள். எந்த வேலைக்கு எந்தப் பொருள் என்பது அப்போது குத்துமதிப்புதான். சொல்லக்கூடாது, நானும் செய்திருக்கிறேன்.

இதில் நட்டம் உங்களுக்குத்தான். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்று வீட்டுக்கு வெளியே வைக்கும் அவுட்டோர் யூனிட்டின் காயிலை அரித்து லீக் ஆக்குகிறது. அம்பாசமுத்திரம் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. வேலைவாரியாகக் கிராம் ஏறினால் எந்த ஊருக்கு எவ்வளவு கேஸ் போகிறது என்று உங்களுக்கே தெரியும். இப்போது தெரிவதெல்லாம் எவன் பையில் கணக்கு இடிக்கிறது என்பது மட்டும். சித்திரை வெயிலில் கடற்கரைப் பக்கம் கேஸ் இல்லாமல் நிற்கிறோம்.

கேஸுக்குக் கிராம் கட்டம் வேண்டும். ‘மாட்டிப் பார்த்தேன், கழற்றிவிட்டேன்’ என்று ஒரு பட்டன் வேண்டும். சிக்னல் இல்லாத மலையடிவாரத்தில் பதிந்தது அழியாமல், டவர் கிடைத்ததும் தானே ஏற வேண்டும். கணக்கு இடித்தால் சம்பளத்தில் பிடிப்பதை அதுவரையாவது நிறுத்தி வையுங்கள்.

இப்போது என் வண்டியில் 1 கிலோ 140 கிராம் கேஸ் இருக்கிறது. ஆப்பில் பூஜ்யம். நாளைக் காலை கூடங்குளத்தில் வேலை. இதை எந்தக் கணக்கில் எழுத?

இப்படிக்கு,
உங்கள் பாளையங்கோட்டை மெக்கானிக்